சுவரிலிருந்து திரை வரை

கிராபிக்ஸ் கார்ட் டிரைவர் பழுதாகிவிட்டது என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் டிரைவர் நன்றாகவே இருக்கும். கோளாறு மொனிட்டர் வயரில் இருக்கும். சுவர்ப் பிளக்கில் இருக்கும். காற்றாடியில் அப்பிக் கிடக்கும் மெழுகுதிரிக் கரியில் இருக்கும். டென்மார்க்கின் யூலன்ட் பகுதியில், ஹேர்னிங், பிரண்டா, ஹொல்ஸ்டெப்ரோ, கிரின்ஸ்டெட் என்று வீடு வீடாகப் போய்க் கணினி திருத்துவது என் தொழில். சுவரில் தொடங்குவேன், வயரைப் பார்ப்பேன், மொனிட்டரைப் பார்ப்பேன், கார்டைப் பார்ப்பேன். டிரைவரில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

1980களில் இலங்கையிலிருந்து வந்த எம்மவரை டேனிஷ் அகதிகள் சபை ஓரிடத்தில் குவிக்காமல் ஊர் ஊராகப் பிரித்துக் குடியமர்த்தியது. தொழிற்சாலை வேலை கிடைத்தவர்கள் அந்தந்தச் சிறு ஊர்களிலேயே வீடு வாங்கித் தங்கிவிட்டார்கள். பிள்ளைகள் படித்து ஆர்ஹூஸுக்கும் கோப்பன்ஹேகனுக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன கணினி தாய் தகப்பன் வீட்டு மேசையில் இருக்கிறது. எனக்கு வேலை தருவது அந்தக் கணினிதான்.

2014 நவம்பர் 1ஆம் திகதியோடு இந்த வேலையின் கனம் மாறியது. 15 வயது நிறைந்தவர்களுக்கு, விலக்குப் பெற்றவர்கள் தவிர, அரச கடிதங்கள் எல்லாம் டிஜிட்டல் தபாலாகவே வரும் என்று டென்மார்க் கட்டாயமாக்கிய நாள் அது. ஓய்வூதியக் கடிதம், ஆஸ்பத்திரித் தவணை, கொம்மூன் (நகராட்சி) அறிவித்தல், எல்லாமே திரையில். திரை பழுதானால் ஒரு சத்திரசிகிச்சைத் திகதி தவறிப்போகலாம். அப்போது உள்நுழைவதற்கு நெம்-ஐடி அட்டை இருந்தது. 148 இலக்கங்கள் பொடி எழுத்தில் அச்சிட்ட கடதாசி மட்டை. அந்த மட்டையை ஒரு கையிலும் கண்ணாடியை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஓர் அன்ரி என்னிடம் சொன்னார்: "தம்பி, நம்பர் எல்லாம் சரியாத்தான் அடிச்சனான். அமத்திற இடத்தைத்தான் காணேல்லை."

திரையின் அளவு 640 × 480க்கு இறங்கியிருந்தது. பிரவுசரின் மேற்பட்டைகள் போக, பக்கத்தில் ஒரு கீலம்தான் தெரிந்தது. பொத்தான் அதற்குக் கீழே எங்கேயோ. இந்த நிலையில் உள்ள பெரிய தொந்தரவு என்னவென்றால், திரையளவை மாற்றும் பெட்டியே திரைக்குள் அடங்காது. சம்மதம் சொல்லும் பொத்தானும் கீழே மறைந்து போகும். ஆல்ட்டையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தி, டேனிஷ் விண்டோஸில் எஃப் எழுத்தைத் தட்டி, மேல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்தால் பெட்டி மேலே நகர்ந்து பொத்தான் வெளியே வரும். தொலைபேசியில் இதைச் சொல்லிக் கொடுத்தே பல வீடுகளுக்குப் போகாமல் விட்டிருக்கிறேன்.

ஆனால் அது ஏன் 640 × 480க்கு இறங்கியது? அங்கேதான் இந்தத் தொழிலின் சாரம் இருக்கிறது.

மொனிட்டருக்குள்ளே ஒரு சிறு நினைவகச் சில்லு இருக்கிறது. வெசா அமைப்பு 1994இல் வகுத்த முறைப்படி, அந்தச் சில்லில் 128 பைட் தகவல் பதிந்திருக்கும். யார் செய்தது, எந்த ஆண்டு, கண்ணாடி எத்தனை சென்டிமீட்டர் அகலம், எந்தத் திரையளவு தனக்குப் பொருந்தும், எந்த அதிர்வெண்ணுக்கு மேல் போகக்கூடாது என்று எல்லாம் அதில் உண்டு. மொனிட்டரின் சாதகக் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் எப்போதும் ஒன்றே: ஒரு பூச்சியம், ஆறு 255, மறுபடி பூச்சியம். கடைசிப் பைட் சரிபார்ப்புக்கு. 128ஐயும் கூட்டினால் 256ஆல் மீதியின்றிப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் பல டிரைவர்கள் அந்தக் குறிப்பையே ஏற்பதில்லை. கணினி எழும்பும்போது கிராபிக்ஸ் கார்ட் இதை வாசிக்கும். வாசிக்க முடியாவிட்டால், எந்த மொனிட்டரும் தாங்கக்கூடிய சின்ன அளவு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏயின் 640 × 480, அல்லது 800 × 600, அல்லது 1024 × 768. அது கார்டின் பிழை அல்ல. எதிரே இருப்பது யார் என்று தெரியாதபோது அது எடுக்கும் பாதுகாப்பு.

பழைய நீல விஜிஏ வயரில் 15 ஊசிகளுக்கு இடம். முதல் மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம். சாதகம் போவது 12ஆம், 15ஆம் ஊசிகளில். சிவப்பு ஊசி வளைந்தால் படம் நீலப்பச்சையாகிவிடும். வீட்டுக்காரரே வயரைச் சந்தேகிப்பார். 12ஆம் ஊசி வளைந்தால் படம் அழகாகவே இருக்கும். நிறம் சரி, வெளிச்சம் சரி, அளவு மட்டும் கூடாது. அதனால்தான் எல்லோரும் டிரைவரைப் பிடிக்கிறார்கள். மலிவு நீட்டிப்பு வயர்கள் சிலவற்றில் இந்த இரண்டு கம்பிகளையும் போடாமலே விற்றார்கள். ஒரு வீட்டில் தளபாடம் மாற்றி வைத்த அன்றிலிருந்து டிரைவர் பழுது என்றால், மேசைக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். நீட்டிப்பு வயர் இருக்கும்.

பிரித்தறிய ஒரு நேர்வழி உண்டு. விண்டோஸில் சாதனப் பட்டியலைத் திறந்து, திரைக் கார்ட் என்ற தலைப்பின் கீழே பார்க்க வேண்டும். அங்கே இன்டெல், என்விடியா, ஏஎம்டி என்று ஒரு பெயரும் இலக்கமும் இருந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது. மைக்ரோசொப்டின் அடிப்படைக் கார்ட் என்று மட்டும் இருந்தால் ஏறவில்லை. அடுத்து மொனிட்டர் தலைப்பு. கார்டுக்குப் பெயர் இருந்து, மொனிட்டர் மட்டும் பிஎன்பி அல்லாத பொது மொனிட்டர் (Non-PnP) என்று நின்றால், டிரைவரை நூறு தரம் மாற்றினாலும் பலன் இல்லை. சாதகம் வந்து சேரவில்லை. இந்த இரண்டு வரிகளையும் வாசிக்காமல் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அந்த வீட்டின் பத்து வருடப் படங்கள் அந்த டிஸ்கில் இருக்கும்.

இனி டென்மார்க்கின் சுவருக்கு வருகிறேன். வேறு நாட்டில் தொழில் பழகி இங்கே வருகிறவர்கள் இதைத் தவறவிடுவது இயல்பு.

டேனிஷ் சுவர்ப் பிளக்கில் இரண்டு வட்டத் துளைகளும், எர்த் உள்ள இடமானால் அவற்றுக்குக் கீழே அரைவட்டத் துளையும் இருக்கும். எர்த்துக்கென்று மூன்றாவது ஊசி உள்ள டேனிஷ் வயர் போட்டால்தான் அந்தத் துளையில் தொடுப்பு ஏற்படும். ஆனால் ஐரோப்பாவில் விற்கும் கணினிகள் பலவற்றோடு வருவது ஜெர்மன் முறை வயர்; அதில் எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கிறது. டேனிஷ் சுவரில் அது இதமாகப் போய் உட்காரும், கணினியும் எழும்பும், எர்த் மட்டும் எதையும் தொடாது. கணினியின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கபாசிட்டர்கள், இரு மின்கம்பியிலிருந்தும் பெட்டியின் தகட்டுக்கு இணைத்திருக்கும். எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசியும் மின்சாரம் அங்கே போய்விடும். இல்லாவிட்டால் தகடு 230 வோல்ட்டின் பாதியில், ஏறக்குறைய 115 வோல்ட்டில், மிதக்கும். ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு. புறங்கையால் தடவினால் ஒரு சுரசுரப்புத்தான் தெரியும். ஆளைக் கொல்லாது. நுண்சில்லுகளைக் கொல்ல அது போதும்.

ஸ்ட்ரூவர் நகரத்துப் பக்கம் ஒரு வீடு. பேங் அண்ட் ஒலுஃப்சன் 1925இல் தொடங்கிய ஊர் அது. அந்தப் பகுதியில் நல்ல டிவி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. வீட்டுக்கார அண்ணர் தன் மேசைக் கணினியை, வேறொரு கம்பெனியின் டிவியில், எச்டிஎம்ஐ வயரால் இணைத்து ஊர்க் கல்யாண வீடியோக்கள் பார்ப்பார். ஒரு நாள் வயரைக் கழற்றி மறுபடி செருகும்போது சின்னதாகப் பொறி பறந்திருக்கிறது. அன்றிலிருந்து படம் 1024 × 768இல், டிவியின் நடுவில் பெட்டி போல. ஒரு கடையில் டிரைவர் மாற்றினார்கள். பிறகு விண்டோஸையே மாற்றினார்கள். பிறகு புதுக் கார்ட் வாங்கச் சொன்னார்கள்.

நான் முதலில் எடுத்தது மின்னழுத்த மீட்டர். ஒரு முனையைக் கணினிப் பெட்டியின் பின் திருகாணியில் வைத்து, மறுமுனையை ஹீட்டர் குழாயில் வைத்தேன். முள் நூற்றைத் தாண்டி நின்றது. பிளக்கை இழுத்துப் பார்த்தால் ஜெர்மன் வயர். டிவிக்குப் பின்னால் அன்ரெனா வயர். அதன் வெளிச்சுற்று கட்டடத்தின் எர்த்தில் இருந்தது. எர்த் இல்லாத கணினியும் எர்த் உள்ள டிவியும் ஒன்றையொன்று தொட்ட இடம் அந்த எச்டிஎம்ஐ துளை. செருகும்போது வெளித்தகடு முதலில் தொட்டால் கசிவு அதன் வழியே போய்விடும். வயர் தளர்ந்து சாய்ந்து செருகினால் உள்ளே இருக்கும் மெல்லிய ஊசி ஒன்று முந்திக்கொள்ளும். அன்று முந்தியது சாதகம் போகும் ஊசி என்றுதான் நான் கணக்குப் போட்டேன். டிவியின் இரண்டாவது துளைக்கு வயரை மாற்றினேன். 1920 × 1080 தானாக வந்து நின்றது. செத்திருந்தது டிவியின் முதல் துளை. கணினி முழு ஆரோக்கியம்.

"அப்ப கார்ட் வாங்கத் தேவையில்லையோ?"

"தேவையில்லை அண்ணை. இந்தப் பவர் வயரை மட்டும் மாத்துங்கோ. இனி வயர் செருகிறதெண்டா ரெண்டையும் சுவரிலையிருந்து கழட்டிப்போட்டுச் செருகுங்கோ."

மூன்று ஊசி டேனிஷ் வயர் ஒன்று எப்போதும் என் பையில் கிடக்கும். 2008 ஜூலை முதல் எல்லா வீடுகளிலும் மின்கசிவுக் காப்பு ரிலே கட்டாயமாகியது மனிதருக்குப் பெரிய பாதுகாப்பு. அது வேண்டிய சட்டம். ஆனால் எச்டிஎம்ஐ துளையை எரிக்கும் இந்தச் சின்னக் கசிவுக்கு அந்த ரிலே அசையாது.

டிவி என்றதும் இன்னொன்று. படத்தின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு, விண்டோஸின் கீழ்ப்பட்டை தெரியாமல் போவது. பழைய குழாய் டிவியின் வழக்கம் இது; ஓரத்தை மறைக்கப் படத்தைச் சற்று ஊதிக் காட்டும். தட்டை டிவிகளும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. டிவியின் பட அமைப்பில் போய் ஊதலை நிறுத்த வேண்டும். கார்டின் மென்பொருளில் படத்தைச் சுருக்கிச் சரிக்கட்டினால் எழுத்துக் கலங்கிவிடும்.

டிரைவரே குற்றவாளியாக இருந்த காலமும் உண்டு. 2007 ஜனவரி 30இல் விஸ்டா கடைக்கு வந்தபோது மைக்ரோசொப்ட் திரை டிரைவரின் அமைப்பையே அடியோடு மாற்றியிருந்தது. கார்ட் கம்பெனிகள் தயாராகவில்லை. அடுத்த வருடம் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் வெளிவந்த ஆவணங்களின்படி, 2007இல் பதிவான விஸ்டா முறிவுகளில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்களால், 17.9 மைக்ரோசொப்டாலேயே, 9.3 இன்னொரு கார்ட் கம்பெனியான ஏடிஐயால். கிம்னாசியம் (உயர்நிலைப் பள்ளி) தொடங்கும் பிள்ளைக்கென்று சேமித்த காசில் மடிக்கணினி வாங்கிய குடும்பங்கள் அந்த வருடம் பட்ட பாடு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திரை கறுத்து, இரண்டொரு விநாடியில் திரும்பி வந்து, டிரைவர் பதிலளிக்கவில்லை, மீண்டுவிட்டது என்று ஒரு செய்தி. அந்த மீட்பு ஏற்பாடும் விஸ்டாவோடுதான் வந்தது. கார்ட் 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பும். முன்னைய விண்டோஸில் அதே சிக்கல் நீலத்திரையில் முடிந்திருக்கும்.

2008 ஜூலையில் என்விடியா வேறொரு செய்தியை வெளியிட்டது. முந்தைய தலைமுறை மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் பொதிப்புப் பொருள் பலவீனமாக இருந்ததால், 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடேறிக் குளிரும்போது சில்லின் அடியில் உள்ள நுண்ணிய ஈயப் பொட்டுகள் விண்டுபோகும். அக்காலத்தில் இப்படி வந்த மடிக்கணினிகளிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சோதனை இன்றும் எந்தக் கார்டுக்கும் பயன்படுகிறது. டிரைவரை முழுதாக நீக்கிப் பார்ப்பேன். அடிப்படை டிரைவரில் படம் வந்து, உரிய டிரைவரை ஏற்றியவுடன் கறுத்தோ கோடு விழுந்தோ போனால், பெரும்பாலும் சில்லு சாகிறது. அடிப்படை டிரைவர் சில்லின் பெரும்பகுதியை எழுப்பாமல் வெறும் படத்தை மட்டும் காட்டும். உரிய டிரைவர்தான் முழுச் சில்லையும் வேலை வாங்கும். கணினி எழும்பும்போதே, கம்பெனிச் சின்னத்தின் மேலேயே, கோடுகள் விழுந்தால் டிரைவரை நினைக்கவே வேண்டாம். அந்த நேரத்தில் விண்டோஸே இன்னும் வரவில்லை.

அப்படிப்பட்ட போர்டுகளை வீட்டு அவணில் வைத்துச் சுட்டு எழுப்புவது ஒரு காலம் பரவியது. எழும்பும், சில கிழமையில் மறுபடி படுக்கும். பிள்ளைக்குப் பாண் சுடும் அவணில் அந்தப் புகையை ஏற்ற நான் ஒருநாளும் உடன்பட்டதில்லை.

டிரைவரை மாற்றத்தான் வேண்டும் என்றால் முறை இது. சாதனப் பட்டியலில் கார்டின் அடையாள எண்ணைப் பார்க்க வேண்டும். 8086 என்று தொடங்கினால் இன்டெல். 1978இல் அவர்கள் வெளியிட்ட ப்ரொசெசரின் எண்ணையே தங்கள் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏடிஐ, இப்போதைய ஏஎம்டி. அந்த எண்ணுக்குரிய டிரைவரைக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே முதலில் இறக்கி வைக்க வேண்டும். பிறகு இணைய வயரைக் கழற்ற வேண்டும். வை-ஃபையை அணைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால், பழையதை நீக்கிய கணத்தில் விண்டோஸ் தானே ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றிவிடும். பாதுகாப்பு நிலையில் எழுப்பி, டிடியூ என்ற இலவசக் கருவியால் பழையதன் எச்சங்களைத் துடைத்து, புதியதை ஏற்றி, கடைசியில் இணையத்தைத் திறக்கலாம். எல்லா டிரைவரையும் தானே புதுப்பிக்கும் என்று மாதச் சந்தா வாங்கும் மென்பொருள்களை வாங்காதீர்கள். ஓய்வூதியக்காரரின் வங்கி அட்டையிலிருந்து மாதாமாதம் காசு போவதை நிறுத்தவே சில வீடுகளில் பாதி நாள் செலவழித்திருக்கிறேன்.

வெப்பத்தையும் சொல்லவேண்டும். டென்மார்க்கில் இருட்டுக் காலத்தில் வீடெல்லாம் மெழுகுதிரி எரியும். அந்தக் கரி தூசியோடு சேர்ந்து கார்டின் காற்றாடியில் பிசுக்காகப் பிடிக்கும். ஊதினால் போகாது, தூரிகையும் ஸ்பிரிட்டும் வேண்டும். எங்கள் வீடுகளில் சாம்பிராணியும் பொரித்த எண்ணெய் ஆவியும் இன்னொரு படை. கார்டைக் கழற்றிய உடனே அந்த வீட்டின் பழக்கம் தெரிந்துவிடும். விளையாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மட்டும் திரை கறுக்கிறது, அஞ்சல் வாசிக்கும்போது ஒன்றுமில்லை என்றால் முதலில் திறக்க வேண்டியது பெட்டியின் மூடி.

என்னை உண்மையாக வருத்துவது வேறு. நல்ல கணினி, டிரைவர் எழுத ஆளில்லாததால் சாவது. 2017இல் விண்டோஸ் 10இன் புதிய பதிப்பு, இன்டெலின் குளோவர் டிரெயில் வகை அட்டம் ப்ரொசெசர் கொண்ட சிறு கணினிகளில் ஏற மறுத்தது. அவற்றின் கிராபிக்ஸ் பகுதிக்குப் புதிய டிரைவர் வரவில்லை என்பதே காரணம். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2023 ஜனவரி வரை தர மைக்ரோசொப்ட் சம்மதித்தது. பிறகு 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கே ஆதரவு முடிந்தது. திரை தெளிவாக, கார்ட் நலமாக உள்ள கணினிகளைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுக்கிறேன். இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கு டிரைவர் அதனுள்ளேயே இருக்கிறது. பத்து வருடப் பழைய கார்டுக்கும் திரையளவு தானாகப் பொருந்துகிறது.

எல்லாம் சரியாக்கிய பிறகும் ஒரு முறைப்பாடு வரும். "நீங்கள் திருத்தினாப் பிறகு எழுத்துச் சின்னனாப் போச்சுத் தம்பி. முந்தி இருந்தது நல்லம்." அவர்கள் சொல்வது நியாயம். 1920 × 1080 புள்ளி உள்ள கண்ணாடியில் 1280 × 720 அளவைக் காட்டினால் ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளிக்கு விரியும். அரைப் புள்ளி என்று ஒன்று இல்லாததால் ஓரம் கலங்கும். ஆங்கில, டேனிஷ் எழுத்து இதை ஓரளவு தாங்கும். தமிழ் தாங்காது. ணகரத்தின் மூன்று சுழியும் னகரத்தின் இரண்டு சுழியும் ஒரே கறுப்பாகத் திரளும். ஊர்ச் செய்தியும் மரண அறிவித்தலும் வாசிப்பதற்குத்தான் அவர்களில் பலர் கணினியைத் திறக்கிறார்கள். பெயர் தெளிவாகத் தெரியாவிட்டால் அவர்களுக்கு அந்தக் கணினியால் என்ன பயன்? அதனால் திரையளவை மொனிட்டருக்குரிய அளவிலேயே நிறுத்தி, எழுத்தின் பெருக்கத்தை மட்டும் 125 அல்லது 150 சதவீதமாக ஏற்றுகிறேன். பிறகு அவர்கள் வழக்கமாக உட்காரும் கதிரையில் அவர்களையே உட்காரவைத்து, அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் பக்கத்தைத் திறந்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். தடங்கினால் 175. பழைய மென்பொருள் சில இந்தப் பெருக்கத்தில் மங்கும். அவற்றுக்கு மட்டும் தனியே நிறுத்திவிடலாம்.

வெளிக்கிடுமுன் பெட்டியின் உள்மூடியில் ஒரு தாள் ஒட்டுவேன். மொனிட்டருக்குரிய திரையளவு, எழுத்துப் பெருக்கம், எந்தத் துளையில் எந்த வயர், கார்டின் அடையாள எண், ஏற்றிய டிரைவரின் இலக்கம், திகதி. தமிழிலும் டேனிஷிலும் எழுதுவேன். அடுத்த தரம் மூடியைத் திறப்பது விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பேரப்பிள்ளையாக இருக்கலாம்.